மிச்ச இடம்

ஒன்பதடி நீளம், ஐந்தே முக்கால் அகலம்.
மைதீன் பிச்சை கடையை நடுவில் பிளைவுட் வைத்து அறுத்து
அந்தப் பாதியைப் பழக்கடைக்கு விட்டபிறகு
எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.
வாடகை மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.

நாற்காலியைச் சுற்றினால்
காத்திருப்பவர் முட்டியில் இடிக்கும்.
பவுடர் டப்பா எடுக்கத் திரும்பினால்
துண்டு வாளிக்குள் கால் போகும்.
புளியரையில் சாரல் பிடித்துவிட்டால்
குடைகளும் உள்ளே வந்து உட்காரும்.

ஆரியங்காவிலிருந்து விக்ரமன் ஆசாரி வந்தார்.
பேசவில்லை. அளந்தார்.
சுவரை, நாற்காலி சுற்றும் வட்டத்தை,
நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தை,
கடைசியில் என் வயிற்றையும் அளந்து
"இதும் கணக்கில் வரும்" என்றார்.

கண்ணாடி இப்போது ஒரு கதவு.
பின்னால் நாலு விரற்கடை ஆழத்தில் தட்டுகள்,
சீப்புகள் நிற்க ஒரு பள்ளம்,
கத்திரிக்கு ஆணி, படிகாரத்துக்குக் குழி.
பெஞ்சுப் பலகையைத் தூக்கினால் துண்டுகள்.
கால்மணையின் வயிற்றில் வெட்டிய முடி.
சுவரோடு மடங்கும் பலகை
இறக்கினால் மேசை, ஏற்றினால் காலண்டர்.

ஒரே குறை.
படிகாரம் எடுக்கக் கண்ணாடியைத் திறந்தால்
உட்கார்ந்திருப்பவர் முகம் நழுவித் தெருவுக்குப் போகும்.
பாதிச் சவரத்தில் இருப்பவர்
தன் மூக்கு இருந்த இடத்தில்
கொல்லம் பஸ் வந்து நிற்பதைப் பார்ப்பார்.

எல்லாம் பொருத்திய பின்
சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிஞ்சியது.
"சும்மா விட்டால் பல்லி குடியேறும்" என்று
மாப்பலகைத் துண்டில் ஓர் இழுப்பறை செய்து செருகி
கூலியில் சேர்க்காமல் பஸ் ஏறினார்.

இரண்டு விரலுக்குள் என்ன வைப்பது?
மூன்று மாதம் காற்றைத்தான் வைத்திருந்தேன்.

கோமதிநாயகம்தான் கண்டுபிடித்தார்.
மலைக்கு அந்தப் பக்கம் லாட்டரி விற்கலாம்,
இந்தப் பக்கம் ஆகாது.
தேங்காய் லோடு இறக்கிவிட்டு வருகிறவர்
சட்டைப் பையில் ஒரு சீட்டோடு வருவார்.
சட்டைப் பையோ வீட்டில் துழாவப்படும்.
"மூணு மணிக் குலுக்கல் வரைக்கும் இங்கன கெடக்கட்டும்."
மடித்த சீட்டு அளவெடுத்தது போல நின்றது.

பிறகு மரமில்காரர், பிறகு டீ மாஸ்டர்.
பெயர் எழுதுவதில்லை.
அவரவர் மடிப்பு அவரவருக்குத் தெரியும்.
முக்கோணம் என்றால் டீ மாஸ்டர்.
விழாத சீட்டை யாரும் திருப்பிக் கேட்டதில்லை,
எறியவும் எனக்குக் கை வரவில்லை.
இத்தனை பெரிய கடையில்
இடமில்லாமல் போனது அது ஒன்றுதான்.

ஆனிக் கடைசியில் பையனுக்கு முடி வெட்ட
ஆவுடையம்மாள் வந்தார், கோமதிநாயகத்தின் மனைவி.
"அந்தச் சின்னதுல என்ன இருக்கு?"
"ஒடஞ்ச பிளேடு. கை வச்சிராதீங்க."
அவர் சிரிக்கவில்லை.
பர்ஸைத் திறந்தார், நாலாய் மடித்த ஒன்றை நீட்டினார்.
"இதையும் அந்த பிளேடோட போட்டு வைங்க.
அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

அவுகளுடையதை ஒட்டித்தான் இடம் இருந்தது.

அன்றிரவு சாரல் கனத்தது. மரம் ஊதிக்கொண்டது.
மறுநாள் மூன்று மணிக்கு இழுப்பறை வரவில்லை.
கத்திரி நுனியால் நெம்பினேன்,
கத்திரி நுனிதான் வந்தது.
போனில் ஆசாரி சொன்னார்:
"மழை நின்னா அது தானே விடும்."
"எத்தனை நாளாகும்?"
"அது மழையிடம் கேட்கணும்."

இப்போது நாற்காலியில் கோமதிநாயகம்,
கழுத்தில் துண்டு, கன்னத்தில் நுரை.
பெஞ்சில், மழைக்கு ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்டு
பையனோடு ஆவுடையம்மாள்.
இரண்டு பேரும் இழுப்பறையைப் பார்க்கவில்லை,
அவ்வளவு கவனமாக.

படிகாரத்துக்காகக் கண்ணாடியைத் திறக்கிறேன்.
இரண்டு முகமும் ஒன்றாக நழுவி
மழைக்குள் போகின்றன.